உப்பும் செடியும்: தாவரச் செல், தகவமைப்பு, இயற்கைத் தேர்வு மூன்றையும் வட சென்னையிலேயே செய்து பார்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கம் செடி வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போர் தண்ணீரை ஊற்றினால் துளசியின் இலை நுனி கருகும், ரோஜா மொட்டை உதிர்த்துவிடும். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறத் தொடங்கி அரை நூற்றாண்டாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து சில கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில், உப்புத் தண்ணீரிலேயே வேரை ஊன்றிக்கொண்டு கண்டல் மரம் பூத்துக் காய்க்கிறது. துளசியைக் கருக்கும் உப்பு கண்டலை ஏன் ஒன்றும் செய்யவில்லை? அந்தத் தாங்கும் சக்தி அதற்கு எப்படி வந்தது?

பாடப் புத்தகத்தில் செல் ஒரு பாடம், தகவமைப்பு வேறொரு பாடம், பரிணாமம் இன்னும் இரண்டு வகுப்பு தள்ளி. மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிட்டு, மூன்றுக்கும் உள்ள தொடர்பே தெரியாமல் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் நிறைய. உப்பு என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றும் ஒன்றாகப் புரியும். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள யாரும் இதைச் செய்யலாம். பிளேடு பிடிக்கும் இடங்களில் மட்டும் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

தேவையான பொருட்கள்

பள்ளியில் மைக்ரோஸ்கோப் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி நல்லது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கும், சட்டைப்பையில் அடங்கும், செல்போன் கேமராவோடு ஒட்டிப் படமும் எடுக்கலாம். கண்ணாடி ஸ்லைடு, கவர் ஸ்லிப், அயோடின் கரைசல், ஊசி, புது பிளேடு எல்லாம் பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் வாங்கிவிடலாம். மற்றவை வீட்டிலேயே இருப்பவை: பெரிய வெங்காயம், கல் உப்பு, டிஷ்யூ பேப்பர், பிளாஸ்டிக் ஸ்கேல். அப்புறம் ரியோ செடியின் இலை ஒன்று. மேலே பச்சை, அடியில் அடர்ந்த ஊதா, வாள் போல நீண்ட இலை. வீட்டு வாசல் தொட்டிகளிலும் பள்ளித் தோட்டங்களிலும் சாதாரணமாக இருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் இலையைத் திருப்பிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படி: வெங்காயத் தோலில் செல்லைப் பார்ப்பது

வெங்காயத்தை நாலாக வெட்டி, சதைப்பற்றான ஒரு இதழை எடுத்து நடுவில் ஒடியுங்கள். உட்பக்கத்தில் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய தோல் ஒன்று பிரியும். அதில் ஒரு சின்னத் துண்டை ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கவர் ஸ்லிப்பை நேராகப் போட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். ஒரு ஓரத்தைத் தண்ணீரில் தொடவிட்டு, மறு ஓரத்தை ஊசியால் தாங்கிக்கொண்டே மெதுவாகச் சாய்த்து இறக்க வேண்டும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் கருத்த வட்டக் கோட்டோடு தெரியும் காற்றுக்குமிழியைத்தான் செல் என்று வரைவார்கள். குமிழி உருண்டையாகவும் உள்ளே வெறுமையாகவும் இருக்கும். செல்கள் நீள்சதுரமாக, இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும்.

ஒவ்வொரு செல்லிலும் பழுப்பு மஞ்சளாக ஒரு பொட்டு தெரியும். அதுதான் உட்கரு. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் பார்த்தவை இறந்துபோன செல்களின் வெற்றுச் சுவர்கள். உட்கரு தாவரச் செல்களில் பொதுவாக இருக்கும் ஓர் உறுப்பு என்று ராபர்ட் பிரவுன் கண்டு பெயர் வைத்தது 1831இல். உங்கள் ஸ்லைடில் இருப்பவை சற்று முன்பு வரை உயிரோடு இருந்த செல்கள்.

பச்சை நிறம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. வெங்காயக் குமிழ் மண்ணுக்குள் சேமிப்புக்காக இருக்கும் பகுதி. வெளிச்சமே படாத இடத்தில் ஒளிச்சேர்க்கைக்கு வேலையில்லை, அதனால் அங்கே பசுங்கணிகம் இல்லை. தாவரச் செல் என்றாலே பசுங்கணிகம் இருக்கும் என்று எழுதினால் தவறு என்பதற்கு இந்த ஸ்லைடே சாட்சி.

அளவும் எடுத்துவிடுங்கள். ஸ்லைடுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, தெரியும் வட்டத்தின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். பிறகு அதே லென்ஸில் குறுக்கே எத்தனை செல்கள் நீளவாக்கில் அடங்குகின்றன என்று எண்ணி வகுத்தால் ஒரு செல்லின் நீளம் வந்துவிடும். மில்லிமீட்டரில் கால் பங்கு என்ற கணக்குக்குப் பக்கத்தில் வரும்.

இரண்டாம் படி: செல்லுக்கு உப்பு கொடுப்பது

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதே செறிவில் நாமும் கலக்கலாம்: 100 மில்லி தண்ணீருக்கு மூன்றரை கிராம். தராசு இல்லையென்றால் தூள் உப்பில் அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. நன்றாகக் கரைத்து வையுங்கள்.

ரியோ இலையின் ஊதாப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, சாய்வாகக் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நிறம் மங்கிய மெல்லிய தோல் துருத்திக்கொண்டு நிற்கும். அதை வெட்டி, தண்ணீர்ச் சொட்டில் வைத்துக் கவர் ஸ்லிப் போட்டுப் பாருங்கள். பலகோண வடிவச் செல்கள், சுவரிலிருந்து சுவர் வரை ஊதா நிறைந்து தெரியும். அந்த நிறம் செல்லின் நடுவில் பெரும் இடத்தை அடைத்திருக்கும் வாக்குவோலுக்குள் இருக்கும் சாறு. இடையிடையே இலைத்துளைகள். துளையின் இரு பக்கமும் உள்ள காப்புச் செல்களில் மட்டும் பச்சைப் புள்ளிகள் தெரியும், அவை பசுங்கணிகங்கள்.

இப்போது கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்து உறிஞ்சுங்கள். உப்பு நீர் உள்ளே ஓடும். கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காதீர்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் செல்லின் மூலைகளை விட்டு விலகத் தொடங்கும். முதலில் ஒரு மூலை, பிறகு இன்னொரு மூலை. கடைசியில் சுவர் அப்படியே நிற்க, ஊதா மட்டும் நடுவில் சுருண்டு அடர்ந்த உருண்டையாகிவிடும். புத்தகத்தில் பிளாஸ்மா சிதைவு என்று படிப்பது இதைத்தான்.

காரணம் சவ்வூடு பரவல். செல்சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும், உப்பை எளிதில் விடாது. வெளியே உப்பு அதிகமானால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறும். தாவரச் செல்லை சைக்கிள் சக்கரம் மாதிரி எண்ணிக்கொள்ளலாம்: செல்சுவர் டயர், தண்ணீர் நிறைந்த வாக்குவோலும் அதைச் சுற்றிய சவ்வும் உள்ளே உப்பிய டியூப். காற்று இறங்கினாலும் டயரின் வடிவம் மாறாது, ஆனால் வண்டி ஓடாது. போர் தண்ணீர் ஊற்றிய துளசி தொங்கிப்போவது, அதன் வேர்கள் உப்பு மண்ணிலிருந்து தண்ணீர் எடுக்க முடியாமல் இந்த அழுத்தம் குறைவதால்தான். அதன்பிறகு உள்ளே சேரும் சோடியமும் குளோரைடும் நஞ்சாகி இலை நுனியைக் கருக்கும்.

உடனே எதிர்த்திசையில் நல்ல தண்ணீரை ஓடவிட்டுப் பாருங்கள். ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும். விரியவில்லை என்றால் அந்தச் செல் இறந்துவிட்டது, அதிக நேரம் உப்பில் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். உப்பு கொடுத்தும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் தோல் தடித்துப்போயிருக்கும், அல்லது கரைசல் உள்ளே போகாமல் ஓரத்திலேயே நின்றிருக்கும். வேறு துண்டு எடுத்து மறுபடி செய்யுங்கள்.

மூன்றாம் படி: கழிமுகத்துக்குப் போவது

கடல்நீர் செறிவில் சாதாரணச் செல் சுருங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. சுருங்காத செடிகளை இனி பார்க்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்துக்கு, அங்குள்ள மீனவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றும் நேரத்தில் போங்கள். நம் கடற்கரையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் சேறு ஆழமாக இருக்கும். தூரமும் நேரமும் அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. மரங்களை ஒடிக்க வேண்டாம், கீழே விழுந்த இலை போதும். அந்த வட்டாரத்தில் சாம்பலும் ஆலைக் கழிவும் படிந்திருப்பதால் எதையும் வாயில் வைக்காதீர்கள், திரும்பியதும் கைகால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெண்கண்டல் மரத்தை அடையாளம் காண்பது சுலபம். இலை மேலே பளபளப்பான பச்சை, அடியில் சாம்பல் வெள்ளை. மரத்தைச் சுற்றி சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நிற்பவை சுவாச வேர்கள். சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. வேர்கள் இந்தக் குச்சிகளின் தோலில் உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வெயில் நாளில் இலையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் உப்புப் படிகங்கள் மின்னும். இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளிய உப்பு அது.

உப்பைச் சமாளிக்க இந்தச் செடிகளிடம் மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, வேரிலேயே தடுப்பது. வேரின் உள்வட்டச் செல்களின் சுவர்களில் தண்ணீர் கசியாத மெழுகு போன்ற பொருள் படிந்து, உப்பு குறுக்கு வழியில் நுழையவிடாமல் செய்கிறது. வெண்கண்டலில் பெரும்பகுதி உப்பு வேரைத் தாண்டுவதே இல்லை. இரண்டாவது, தாண்டி வந்ததை இலைச் சுரப்பி வழியாக வெளியேற்றுவது. மூன்றாவதைத்தான் செல் பாடத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்: உப்பை வாக்குவோலுக்குள் அடைத்துவிடுவது. செல்லின் வேலைகள் எல்லாம் நடக்கும் சைட்டோபிளாசத்தில் உப்பு சேர்ந்தால் நொதிகள் கெட்டுவிடும். அதனால் உப்பு வாக்குவோலில் பூட்டப்படுகிறது. இரண்டு பக்கமும் சமன் ஆக வேண்டும் அல்லவா? சைட்டோபிளாசத்தில் கிளைசின் பீட்டைன் போன்ற தீங்கில்லாத பொருட்களைச் செல்லே தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. இப்படி உள்ளே மொத்தச் செறிவு வெளியே இருப்பதைவிடக் கூடுதலாகிவிடுவதால், கடல்நீரிலிருந்தும் தண்ணீரை உள்ளே இழுக்க முடிகிறது.

இந்த மூன்றாவது வழிக்கு கண்டலைவிட உமரிச் செடி நல்ல உதாரணம். கழிமுக ஓரத்து உவர்நிலத்தில் தரையோடு படர்ந்து, தடித்த சின்ன இலைகளோடு, கோடையில் சிவந்துபோய் நிற்கும். ஒரு கிளையைக் கிள்ளி வந்து, இலையை மெல்லிய சீவலாக அறுத்து, ரியோவுக்குக் கொடுத்த அதே உப்புக் கரைசலைக் கொடுங்கள். பசுங்கணிகங்கள் சுவரை ஒட்டியே நிற்கின்றனவா, நடுவுக்கு நகர்கின்றனவா என்று பாருங்கள். உவர் மண்ணில் வளர்ந்த உமரியின் முழுச் செல்கள் பெரும்பாலும் சுருங்காது. பிளேடு பட்டுக் கிழிந்த ஓரத்துச் செல்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பல ஆசிரியர்களே தாண்டிப் போய்விடும் நுணுக்கம். அதே உமரியைத் தொட்டியில் வைத்து நல்ல தண்ணீரில் வளர்த்தால் அதன் செல்களில் அவ்வளவு உப்பு சேராது. மறுபடி உப்பு கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளும். ஒரு தனிச் செடி தன் வாழ்நாளுக்குள் சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்வது இது. பழகிக்கொள்ளுதல் என்று சொல்லலாம். தகவமைப்பு என்பது, அப்படி மாறிக்கொள்ளும் திறனே விதை வழியாகத் தலைமுறைக்குத் தலைமுறை வருவது. துளசிக்கு எத்தனை மாதம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு கொடுத்துப் பழக்கினாலும் அதன் விதையில் கண்டலின் திறன் ஏறாது.

நான்காம் படி: உளுந்து விளையாட்டு

அப்படியானால் அந்தத் திறன் எப்படித்தான் வந்தது? இதற்கு மைக்ரோஸ்கோப் தேவையில்லை. ஒரு கறுப்புத் துணி, தோலோடு கூடிய கறுப்பு உளுந்து 50, தோல் நீக்கிய முழு வெள்ளை உளுந்து 50, நாலைந்து பிள்ளைகள்.

துணியில் உளுந்தைக் கலந்து தூவுங்கள். பிள்ளைகள்தான் பறவைகள். சற்றுத் தள்ளி நின்று, ஓடி வந்து கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், மொத்தம் 50 ஆனதும் நிறுத்த வேண்டும். மீதி இருப்பவை பிழைத்தவை. பிழைத்த ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு பிள்ளை: 20 வெள்ளை மிஞ்சினால் இன்னும் 20 வெள்ளை, 30 கறுப்பு மிஞ்சினால் இன்னும் 30 கறுப்பு. மறுபடி நூறு. இதேபோல் நாலைந்து தலைமுறை ஆடி, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். கறுப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஆடி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த உளுந்தாவது தன் நிறத்தை மாற்றிக்கொண்டதா? இல்லை. ஒரு தனி உளுந்தும் மாறவில்லை, ஆனால் கூட்டம் மாறிவிட்டது. இயற்கைத் தேர்வுக்கு வேண்டிய எல்லாமே இந்தத் துணியில் இருக்கிறது: கூட்டத்துக்குள் வேறுபாடு, அது பிள்ளைகளுக்குப் போவது, எல்லோரும் பிழைக்க முடியாத நெருக்கடி, பிழைப்பதில் வேறுபாட்டுக்குப் பங்கு இருப்பது. இதில் ஒன்றை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள். நூறும் கறுப்பாகவே வைத்து ஆடினால் எத்தனை தலைமுறை போனாலும் மாற்றமே வராது. பிறகு நடுவில் இரண்டு பச்சைப்பயறைப் போட்டு ஆடுங்கள். திடீர்மாற்றம் என்பது புரிந்துவிடும். அந்தப் பயறு தேவைக்காக வரவில்லை, தற்செயலாக வந்தது. நிலைக்குமா என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது.

சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்து, 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் கருத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டது. மரபணு என்றால் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த இருட்டிலும் அவர்கள் இதைப் பிடித்தார்கள் என்பது இன்றைக்கும் வியக்க வைக்கும் விஷயம்.

ஐந்தாம் படி: பச்சைப்பயறும் உப்பும்

இதைச் சுருக்கமாகவே செய்யலாம். நான்கு தட்டுகளில் ஈரத் துணி விரித்து, தட்டுக்கு 50 பச்சைப்பயறு. முதல் தட்டுக்கு நல்ல தண்ணீர், மற்றவற்றுக்கு 100 மில்லியில் கால், அரை, ஒரு கிராம் உப்பு கலந்த தண்ணீர். தினமும் ஒரே நேரத்தில் முளைத்தவற்றை எண்ணி, முளையின் நீளத்தை அளந்து எழுதுங்கள். உப்பு ஏற ஏற முளைப்பு தாமதமாகும், முளை குட்டையாகும். ஒரே தட்டுக்குள்ளும் சில பயறு முந்தும், சில பிந்தும். அந்த வேறுபாட்டைப் பார்க்கத்தான் இந்தப் படி.

உப்பில் முளைத்ததை நட்டால் அதன் பிள்ளைகள் உப்பைத் தாங்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முளைத்தது விதை முற்றியிருந்ததாலா, மரபாலா என்று இந்தச் சோதனை சொல்லாது. மரபால் வந்த வேறுபாடு மட்டுமே தேர்வுக்கு உதவும்.

ஆறாம் படி: உண்மையில் நடந்ததைப் படிப்பது

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் பழைய ஈய, துத்தநாகச் சுரங்கங்களின் கழிவு மண்ணில் சாதாரணப் புல் முளைத்தாலும் வேர் விடாது. ஆனால் அதே இனப் புல் சில அந்த நச்சு மண்ணிலேயே செழித்திருந்தன. ஆண்டனி பிராட்ஷாவும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். சுத்தமான மேய்ச்சல் நிலத்துப் புல் விதையை அந்த மண்ணில் விதைத்தால், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிழைத்து நின்றது. அதாவது, நஞ்சைப் பார்ப்பதற்கு முன்பே, நஞ்சே தெரியாத கூட்டத்துக்குள் அந்தத் திறன் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கிறது. மண் அதைப் பொறுக்கி எடுத்தது, அவ்வளவுதான். இந்த ஒரு உதாரணம் புரிந்தால் இயற்கைத் தேர்வில் முக்கால்வாசி புரிந்துவிட்ட மாதிரி.

நகரத்துக்கு உதாரணம் பிரான்சின் மோன்பெலியே ஊர். அங்கே நடைபாதை மரங்களைச் சுற்றி விட்ட சின்ன மண் சதுரங்களில் வளரும் ஒரு களைச்செடி இரண்டு வகை விதை போடும்: பஞ்சு வைத்துப் பறப்பது, பறக்காமல் காலடியில் விழுவது. பறந்த விதை சிமென்ட் தரையில் விழுந்து வீணாகும். 2008இல் வெளியான ஆய்வு, நகரத்துச் செடிகள் கிராமத்துச் செடிகளைவிடப் பறக்காத விதைகளை அதிகப் பங்கு போடுவதைக் காட்டியது. அந்த மாற்றத்துக்குப் பத்துத் தலைமுறை அளவே போதுமானதாக இருந்திருக்கிறது. தண்டையார்பேட்டை நெடுஞ்சாலை ஓரத்துச் சிமென்ட் விரிசலில் வெட்டுக்காயப் பூண்டு பஞ்சு விதையோடு நிற்பதைப் பார்க்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

நம் கால்வாய்களில் எதிர் உதாரணமும் மிதக்கிறது. ஆகாயத்தாமரையின் வீங்கிய காம்பை அறுத்தால் உள்ளே முழுக்கக் காற்றறைகள்; மிதப்பதற்கான அருமையான தகவமைப்பு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி வெளிநாடுகளில் பெரும்பாலும் விதையால் பரவவில்லை, ஒரே செடி கிளைத்துக் கிளைத்து நகலாகப் பெருகியது. இப்படிப்பட்ட கூட்டத்தில் மரபு வேறுபாடு மிகக் குறைவு. உளுந்து நூறும் கறுப்பாக இருந்த ஆட்டம் இதுதான்.

ஏழாம் படி: நாற்றுகளை எண்ணுவது

வெண்கண்டலின் காய் மரத்திலிருக்கும்போதே உள்ளே முளைவிட்டுத் தயாராகிவிடும். சேற்றில் விழுந்ததும் விரைவில் வேர் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு கழிமுக ஓரத்தில், மீட்டருக்கு மீட்டர் கயிறு கட்டிய ஒரு சதுரத்துக்குள் இருக்கும் நாற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்தால் உப்பு குறைந்திருக்கும். கோடையில் உச்சத்துக்கு ஏறும். சித்திரையில் அதே இடத்துக்குப் போய் மறுபடி எண்ணுங்கள். பெருமளவு குறைந்திருக்கும்.

இறந்ததெல்லாம் தேர்வு என்று முடிவு கட்டிவிடாமல், ஒவ்வொன்றும் எதனால் போனது என்று முடிந்தவரை எழுதுங்கள். மாடு மிதித்தது, பிளாஸ்டிக் பை மூடியது, படகு உரசியது என்றால் அது தற்செயல். உப்பைத் தாங்கும் நாற்றுக்கும் தாங்காததற்கும் மாட்டின் காலடியில் வித்தியாசம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மரங்களிலும் சுவாச வேர்களிலும் கறுப்பாக அப்பியது. அந்த வேர்களின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்தால் சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு மூச்சு நின்றுவிடும். சேற்றில் பிழைக்க உதவிய உறுப்பே அங்கே பலவீனமாகிறது. எண்ணெய்க்கு முன்னால் உப்பைத் தாங்கும் திறன் எதற்கும் உதவாது.

நோட்டில் தேதி, நேரம், ஓதமா வற்றமா, நாற்று எண்ணிக்கை, இலையில் உப்பு தெரிந்ததா, சுவாச வேரில் எண்ணெய்ப் படிவு இருந்ததா என்று ஆறு கட்டங்கள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டிய இடத்தைக் கூட வந்த மீனவரிடம் சொல்லி வைத்தால், அடுத்த வருடம் வேறொரு வகுப்பு அதே சதுரத்தில் எண்ணிக்கையைத் தொடரலாம்.